ஜேமர்சனின் தந்தியும் என் மாணவனின் விரலும்

தமிழ் கற்பிக்கும் ஒருவன் பேஸ் கிதாரின் தந்திகளைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்பதை அறிவேன். சிரிக்கட்டும். வாசிக்கும் முன் தந்தியைச் சோதிக்கவேண்டும் என்பதைத் திருத்தக்கதேவர் அன்றே சொல்லிவிட்டார். காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களைக் குறைகண்டு ஒதுக்குகிறான். நரம்பினுள் மயிர் கிடப்பதை எடுத்துக் காட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்புக்கு நான்கு குற்றங்களை நம் முன்னோர் வகுத்திருந்தனர். அந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நரம்பில் இல்லை, வாங்குபவனிடம் இருக்கிறது. தான் வணங்கும் கலைஞன் என்ன தந்தி போட்டான் என்று கேட்டறிந்து அதையே வாங்கிப் பூட்டும் குற்றம். இதை நானும் செய்திருக்கிறேன். நான் செய்ததோடு நின்றிருந்தால் எழுதவேண்டிய அவசியம் இராது. ஒரு மாணவனையும் செய்யவைத்தேன்.

பேஸ் கிதார் எதுவென்று அறியாதவர்கள் எண்பதுகளில் வந்த இளையராஜாவின் பாடல்களில் எதையேனும் நினைத்துக்கொள்ளலாம். குரலுக்குக் கீழே, தாளத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும், தனி மெட்டொன்று நடந்துகொண்டே இருக்குமே, அதுதான். நான்கு தந்திகள். தடித்த ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. மெல்லிய ஜி தந்தி 98 முறை. சாதாரணக் கிதாரின் தடித்த தந்தியைவிட பேஸின் தடித்த தந்தி சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கவேண்டும். அதற்குத் தந்தியின் நீளம் இரட்டிப்பாக வேண்டும்; ஆனால் அவ்வளவு நீளக் கருவியை மனிதக் கையால் வாசிக்க முடியாது. கிதாரின் தந்தி நீளம் ஏறக்குறைய இருபத்தைந்தரை அங்குலம் என்றால் பேஸினுடையது 34 அங்குலம்தான். மிச்சக் குறையைத் தந்தியின் எடை ஈடுசெய்கிறது. வெறும் இரும்புக் கம்பியையே தடிமனாக்கினாலோ அது கம்பியாக இராது, கடப்பாரையாகிவிடும். விறைப்பு மிகுந்து மேல்சுரங்கள் சுருதி விலகிப்போகும். ஆகவே நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை வைத்து அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். விறைப்பு ஏறாமல் எடை ஏறுகிறது. பேஸ் தந்தியின் இரகசியம் முழுவதும் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது.

சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். விரலால் வருடினால் வரிவரியாக நெருடும். ஒலியில் மேல்சுரங்கள் மிகுந்து, பியானோவின் தடித்த தந்தியைப் போல் கணீரென்று கேட்கும். சுற்றுவது பட்டையான நாடாவாக இருந்தால் ஃபிளாட்வவுண்ட். கண்ணாடிபோல வழவழப்பு, மேல்சுரங்கள் சீக்கிரம் அடங்கி, அடித்த கணத்தின் ‘தும்’ என்ற ஒலி முன்னே நிற்கும். உருண்டையாகச் சுற்றிப் பின் மேற்புறத்தை மட்டும் தேய்த்துச் சமன்செய்யும் இடைப்பட்ட வகை ஒன்றும், எஃகின்மேல் நைலான் நாடா சுற்றிய வகை ஒன்றும் உண்டு. சுற்றுக்கம்பி நிக்கல் பூசிய எஃகா, தூய நிக்கலா, துருப்பிடிக்காத எஃகா என்பதும் ஒலியை மாற்றும். இவற்றை விரித்தால் கட்டுரை கடைப்பட்டியலாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியின் நுண்கலைக் கழகம் என் பொறுப்பில் இருக்கிறது. நான் ஒரு பேஸ் கிதார் வைத்திருக்கிறேன் என்ற செய்தி எப்படியோ பரவியதன் விளைவு அது. (நான் வாசிப்பது சுமார்தான். கேட்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.) மூன்று ஆண்டுகளுக்கு முன் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அதிலிருந்த தந்திகள் துருவேறி இருந்தன.

“சார், என்ன ஸ்ட்ரிங்ஸ் போடலாம்?”

“ஃபிளாட்வவுண்ட் போடு. தடிமனாகவே போடு. ஜேமர்சன் போட்டதைப்போல” என்றேன். யோசிக்கவே இல்லை. அவன் என்ன வாசிக்கப்போகிறான் என்று கேட்கவும் இல்லை.

ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் அறுபதுகளில் உலகையே ஆடவைத்தது. அதன் பாடகர்களின் பெயர்கள் வீடுதோறும் ஒலித்தன. பின்னால் வாசித்தவர்களின் பெயர்கள் தட்டின் உறையில்கூட இல்லை. அந்தத் தட்டுகளில் மிகப்பலவற்றில் பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டு 1971இல் வந்தபோதுதான் அவருடைய பெயர் மோடவுன் உறையில் அச்சேறியது. 1983இல் மறைந்தார். 2002இல் அவரையும் அவருடைய தோழர்களையும் பற்றி ‘ஸ்டேண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோடவுன்’ என்ற ஆவணப்படம் வெளிவந்தது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்பதை வீட்டாரிடம் கேட்டால் அலுப்போடு சொல்வார்கள்.

அவருடைய கருவி 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரசிஷன் பேஸ். அதில் லா பெல்லா நிறுவனத்தின் கனத்த ஃபிளாட்வவுண்ட் தந்திகள்: மெல்லியது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 52 பங்கு, தடித்தது 110 பங்கு. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தொகுதி 45இல் தொடங்கி 100 அல்லது 105இல் முடியும். தந்தி அறுந்தாலொழிய அவர் மாற்றியதில்லை என்பது அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. ஆண்டுக்கணக்கில் விரலின் எண்ணெயும் அழுக்கும் ஏறிய தந்திகள். பிரிட்ஜை மூடிய தகட்டின் கீழே ஒரு பஞ்சுத் துண்டு. வலக்கையில் ஒரே ஒரு விரல், ஆட்காட்டி விரல். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒலி: சுருக்கமாக, உருண்டையாக, மரத்தில் தட்டியதுபோல.

இந்த விவரங்களை ஒரு பக்தன் தன் தெய்வத்தின் அணிகலன்களை மனப்பாடம் செய்வதுபோல் நானும் மனப்பாடம் செய்திருந்தேன். அணிகலன் ஏன் அப்படி அமைந்தது என்று கேட்டிருந்தால் விடை எளிது. ஜேமர்சன் பள்ளிப் பருவத்தில் கற்றது ஆளுயர டபுள் பேஸ். அந்தக் கருவியின் முரட்டுத் தந்திகளை அழுத்திப் பழகிய கை அவருடையது. பின்னர் மின்கருவிக்கு வந்தபோது தந்திகள் பலகையிலிருந்து எழும்பி நிற்கும்படியே வைத்துக்கொண்டார். அவருடைய பேஸை வாங்கி வாசித்துப் பார்த்தவர்கள் திணறினார்கள் என்பார்கள். இன்னொன்று. லியோ ஃபெண்டர் 1951இல் இக்கருவியை வெளியிட்டபோதே அதில் பூட்டியது பட்டைச் சுற்றுத் தந்திதான்; ஜேமர்சன் காலத்துக் கருவிகளிலும் அதுவே வழக்கம். கணீரென்ற எஃகு ரவுண்ட்வவுண்ட் இன்றுபோல் கடைக்குக் கடை தொங்காத நாள்கள் அவை. ஆக, எதையெதையோ ஒதுக்கிவிட்டு அவர் ஃபிளாட்வவுண்டைத் தேடிக் கண்டடைந்தார் என்று நான் கற்பனை செய்தது என் பிழை. இருந்ததை எடுத்துத் தன் கைக்குப் பணியவைத்தார். பெருமை கையினுடையது.

மாணவன் தந்தியை வரவழைத்துப் பூட்டினான். பூட்டிய அன்றே கோளாறு தொடங்கியது. இயற்பியல் படிப்பவன் அவனே கணக்குப் போட்டிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரே நீளத்தில், ஒரே சுருதியில், தந்தியின் விட்டம் கூடினால் இழுவிசை ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கமாகக் கூடும். 45இலிருந்து 52க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். சாதாரணத் தொகுதியிலேயே நான்கு தந்திகளும் சேர்ந்து 70, 80 கிலோ எடைக்கு ஈடாகக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு எதிராக இழுக்கத்தான் கழுத்தின் உள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு இருக்கிறது. தந்தியின் கனத்தை மாற்றினால் தண்டையும் திருகிச் சரிசெய்யவேண்டும். நாங்கள் செய்யவில்லை. கழுத்து வில்லாக வளைந்தது. தந்திகள் மேலெழும்பின. தலைப்பகுதியில் தந்தி உட்காரும் பள்ளம் பழைய தந்தியின் அளவுக்கு வெட்டப்பட்டிருந்ததால் புதியது முழுதாக உள்ளே இறங்கவில்லை. முதல் கட்டத்தை அழுத்தவே அவன் மணிக்கட்டு நொந்தது.

என்னிடம் சொல்லவில்லை. சார் சொன்ன தந்தியல்லவா. குறை தன் விரலில் இருக்கிறது என்று நம்பினான். அடுத்த மாதம் கல்லூரிகளுக்கிடையிலான விழா. அவர்கள் குழு எடுத்துக்கொண்ட பாட்டில் நடுவே எட்டு ஆவர்த்தனம் கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் பகுதி உண்டு. லேரி கிரஹாம் தொடங்கிவைத்த பாணி அது. தன் தாயாரின் குழுவில் மத்தளக்காரர் இல்லாத குறையைப் போக்க, கட்டைவிரலையே மத்தளமாக்கினார். அந்த அறையின் ‘சளார்’ என்ற ஒலி ரவுண்ட்வவுண்டின் மேல்சுரங்களிலிருந்து வருவது. என் மாணவனின் தந்தியில் அது எழவில்லை. அரங்கத்தில் அவன் வாசித்த எட்டு ஆவர்த்தனமும் மூட்டையை உலக்கையால் குத்தியதுபோல் கேட்டன. முன்வரிசையில் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

அதற்குப் பின் ஒரு பருவம் முழுவதும் அந்த பேஸ் கழக அறையின் அலமாரியில் கிடந்தது.

இதிலிருந்து ஃபிளாட்வவுண்ட் கூடாது என்றோ, இளைஞர்கள் எல்லோரும் ரவுண்ட்வவுண்டுக்கு மாறவேண்டும் என்றோ நான் சொல்ல வரவில்லை. மறுபக்கத்து நாயகர்களிடமும் இதே கதைதான். ‘த ஹூ’ குழுவின் ஜான் என்ட்விஸ்டில் 1965இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் தனி பேஸ் வாசிப்பு ஒன்றை வைத்தார். அதற்காக அவர் விரும்பிய டேன்எலெக்ட்ரோ கருவியின் மெல்லிய தந்திகள் அறுந்துகொண்டே இருந்தன. மாற்றுத் தந்தி இங்கிலாந்தில் கிடைக்காததால் ஒவ்வொரு முறையும் புதிய கருவியே வாங்க நேர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். கடைசியில் வேறு கருவியில்தான் பதிவானது. தந்திக்காகக் கருவி வாங்கிய இந்தக் கொடுமைக்குப் பிறகே, 1966இல், ரோட்டோசவுண்ட் நிறுவனத்தை நடத்திய ஜேம்ஸ் ஹவ்விடம் போனார். தடித்த தந்திகள் சரியாக அதிரவில்லை என்பது அவருடைய குறை. இருவரும் சோதித்துச் சோதித்து உருவாக்கியதுதான் இன்றும் விற்பனையில் உள்ள ‘ஸ்விங் பேஸ்’ எஃகு ரவுண்ட்வவுண்ட்.

அந்தக் கணீர் ஒலி என்ட்விஸ்டிலுக்கு ஏன் தேவைப்பட்டது? அவருடைய குழுவில் ஒரே ஒரு கிதார். அதுவும் பெரும்பாலும் சுரக்கோவைகளை வீசி அடிப்பது. மத்தளமோ கீத் மூன் என்ற புயல். நடுவில் மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும். பேஸ்தான் ஓடியது. பாடகருக்கும் இரண்டு கிதாருக்கும் ஒரு கீபோர்டுக்கும் இடையே வாசிக்கும் பையன் அதே தந்தியைப் பூட்டினால் யாரோடு ஓடுவான்? எல்லோர் காலிலும் மிதிப்பான்.

ஜாக்கோ பாஸ்டோரியஸின் கதை இன்னும் தெளிவு. 1976இல் வந்த முதல் தட்டிலேயே பேஸ் கிதார் பாடக்கூடியது என்று காட்டியவர். ஃப்ரெட்டுகள் நீக்கப்பட்ட பேஸில் ரவுண்ட்வவுண்ட் போட்டார். நெருடும் எஃகு வெறும் மரப்பலகையை அரம்போல் அராவிவிடும். அதனால் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகைமேல் பூசிக் கண்ணாடியாக இறுகவைத்தார். அந்தப் பூச்சு தந்தியின் சேதத்தைத் தடுப்பதற்காக. ஆனால் ஒலியின் நீட்சிக்கும் அதுவே துணையானது. பூச்சில்லாத பலகையில் அவருடைய தந்தியை மட்டும் பூட்டிவிட்டு, சில மாதத்தில் பலகை முழுதும் கோடு விழுந்ததைக் கண்டு வருந்தியவர்களை நான் அறிவேன். தந்தி அவருடையது, தேவையும் அதற்கான ஏற்பாடும் அவருடையவை அல்லவே.

‘ஃபிளாட்வவுண்ட் என்றால் பழைய பாட்டு’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ், குதிரைப் பாய்ச்சலான அந்த உலோக இசையை ஃபிளாட்வவுண்டில்தான் வாசிக்கிறார். வகைகளின் மேல் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டுகளை நம்பவேண்டாம்.

என் கருத்துக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. இன்று பெரும்பாலோர் பாட்டுக் கேட்பது கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில். 41 அதிர்வு அதில் எழவே எழாது. மேல்சுரங்களைக் கேட்டுத்தான் காது இல்லாத அடிச்சுரத்தைத் தானே கற்பித்துக்கொள்கிறது. எனவே மேல்சுரம் மிகுந்த ரவுண்ட்வவுண்டே இக்காலத்துக்கு ஏற்றது என்கிறார்கள். முதற்பாதி உண்மை. ஆனால் காது அடிச்சுரத்தைக் கட்டியெழுப்பப் பயன்படுத்துவது முக்கியமாக நூறிலிருந்து சில நூறு வரையிலான அதிர்வுகளை. புதிய எஃகுத் தந்தியில் மினுங்கும் ஆயிரக்கணக்கான அதிர்வுகளை அல்ல. ஃபிளாட்வவுண்டில் அந்த இடைப்பகுதி நிறையவே இருக்கிறது. மோடவுன் தட்டுகள் காரின் வானொலியில் எப்படிக் கேட்கும் என்று சிறிய ஒலிபெருக்கியில் சோதிக்கப்பட்ட பின்பே வெளிவந்தன. ஜேமர்சனின் ஒவ்வொரு சுரமும் அதில் கேட்டது.

கடைகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேசைமேல் வைத்துத் தனியாக வாசித்துக் காட்டும்போது புத்தம்புதிய ரவுண்ட்வவுண்டுக்கு இணை கிடையாது. நாலு தட்டு தட்டினால் வாங்குபவன் மயங்குவான். ஆனால் பேஸ் தனியாகக் கேட்கப்படும் கருவி அல்ல. விடுதி அறையில் அழகாக இருந்த ஒலி மத்தளமும் குரலும் சேர்ந்தவுடன் கரைந்துபோவதும், தனியாகக் கேட்டால் மந்தமாக இருந்த ஒலி குழுவில் தூண்போல் நிற்பதும் நாள்தோறும் நடப்பவை. பாடகரை அருகில் நிறுத்தி ஒரு பாட்டையேனும் முழுதாக வாசித்துப் பார்க்காமல் தந்தியைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ‘முதல் வாரத்தில் தீர்ப்புச் சொல்லாதே’ என்றும் சேர்த்துக்கொள்வேன். புதுத் தந்தியின் பளபளப்பு சில நாள் விருந்தாளி. அது போன பின் தங்குவதுதான் குடும்பம். சிலருக்கு அந்த விருந்தாளியே வேண்டும். அவர்கள் தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து அழுக்கு நீக்கி மறுபடி பூட்டுகிறார்கள். கைச்செலவு மிச்சம், சில நாளைக்குப் பலிக்கவும் செய்கிறது.

அடுத்த ஆண்டு கழக அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது அந்த பேஸ் என் கண்ணில் பட்டது. கழுத்தின் வளைவைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனை அழைத்துவரச் செய்தேன். வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல், “எனக்கு பேஸ் வராது சார்” என்றான்.

“உனக்கு வரும். எனக்குத்தான் தந்தி சொல்லத் தெரியவில்லை” என்றேன். வகுப்பறையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் திருத்திவிடலாம். இதற்கு ஓராண்டு ஆயிற்று.

கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி: “தம்பி, என்ன பாட்டு வாசிப்பீங்க?” அடுத்து அவனுடைய இடக்கையை வாங்கிப் பார்த்தார். சிறிய கை. 45இலிருந்து 100 வரையிலான, நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் போதும் என்றார். தண்டைத் திருகினார், ஒரு நாள் அப்படியே வைத்திருந்து மறுநாள் மறுபடி பார்த்தார். பள்ளத்தில் கைவைக்கவில்லை; அகலப்படுத்தினால் மெல்லிய தந்தி அதில் ஆடும் என்றார்.

இப்போது அவன் வேறு ஊரில் முதுகலை படிக்கிறான், ஒரு குழுவில் வாசிக்கிறான். போன விடுமுறையில் வந்தபோது வாசித்துக் காட்டினான். அதே தந்திகள்தாம், நன்றாக மங்கியிருந்தன. “மாற்றவில்லையா?” என்று கேட்டதற்கு, “எங்க பாட்டுக்கு இப்பதான் சார் சரியா இருக்கு” என்றான். ஜேமர்சனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கழற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்திகளை அவன் ஓர் உறையில் சுருட்டி என்னிடமே கொடுத்திருந்தான். அவற்றில் மூன்று இப்போது என் கிதாரில் இருக்கின்றன. ஈ தந்தியை மட்டும் அவன் கருவியின் அளவுக்கு வெட்டியிருந்ததால் என்னுடையதில் இரண்டு அங்குலம் எட்டவில்லை. ஒற்றைத் தந்தியாக எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.